கோட் தவிர வேற எதுக்கெல்லாம் கிட் யூஸ் பண்றீங்க? பழைய நூல்கள்ல பாடபேதம் (பிரதிக்குப் பிரதி சொல் மாறறது) பாக்க உதவுமா?

தென்காசி_குமரன்

வணக்கம் மக்களே. நான் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனில டெஸ்டிங் பக்கம் இருக்கேன், ஃபைல்ல நடக்கற ஒவ்வொரு மாற்றத்தையும் பதிஞ்சு வைக்கற கிட் புரோகிராம் இல்லாம ஒரு நாள் ஓடாது. ஆனா இப்ப கேக்கறது ஆபீஸ் வேலைக்கு இல்ல. என் தங்கச்சி தமிழ்ல பிஎச்டி பண்றா, தலைப்பு திருக்குறள் பழைய உரைகள். மணக்குடவர் உரையையும் பரிமேலழகர் உரையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா குறள் என்னவோ அதே 1330 தான், ஆனா வரிசை அங்கங்க வேற, ஒரு அதிகாரத்துக்குள்ளயே எது முன்ன எது பின்னன்னு மாறுது, இல்லறவியல்ல அதிகாரமே இடம் மாறி நிக்குது, சில எடத்துல சொல்லும் மாறுது. இதையெல்லாம் அவ நோட்டுல மூணு கலர் பேனால குறிச்சு குறிச்சு வச்சிருக்கா. ஒரு குறள்ல ஏன் இந்த பாடத்தை எடுத்தோம்னு ஆறு மாசம் கழிச்சு கைடு கேட்டா அந்த நோட்டை முழுசா புரட்டணும்.

அதைப் பாக்கும்போது எனக்கு தோணுனது, இது நாம தினமும் பண்ற டிஃப் (ரெண்டு வடிவத்துக்கும் என்ன வித்தியாசம்), பிளேம் (எந்த வரி எப்ப, யாரால மாறுச்சு) வேலை தானேன்னு. ஒரு ரீபோ (மாற்ற வரலாறோட இருக்கற ஃபோல்டர்) போட்டு, மணக்குடவருக்கு ஒரு பிரான்ச் (தனிக் கிளை), பரிமேலழகருக்கு ஒரு பிரான்ச்னு வச்சா எப்படி இருக்கும்? யாராவது இப்படி பண்ணியிருக்கீங்களா?

இன்னொண்ணும் கேக்கணும், கோட் இல்லாத விஷயத்துக்கு கிட்டை வருஷக்கணக்குல உண்மையிலேயே யூஸ் பண்றவங்க எதுக்கு பண்றீங்க, எங்க ஒத்து வரலை? கிட்ஹப் (கிட் ரீபோக்களை வைக்கற வெப்சைட்) புரொஃபைல்ல பச்சைக் கட்டத்துல பேர் எழுதறது மாதிரி இல்லாம, நிஜமா உதவுன விஷயமா சொன்னா நல்லாருக்கும்.


பழைய_சர்வர்

நல்ல கேள்வி குமரன். குறள் பத்தி தெரிஞ்சவங்க வருவாங்க, நான் ரெண்டாவது கேள்விக்கு சொல்றேன்.

லினக்ஸ் சர்வர் பாத்துக்கறது தான் என் வேலை. அதுல நான் புது மெஷின் எது வந்தாலும் முதல்ல போடறது ஈடிசி-கீப்பர். ஜோயி ஹெஸ் எழுதுனது. ஈடிசி ஃபோல்டர்ல இருக்கற எல்லா கான்ஃபிகையும் (செட்டிங் ஃபைல்களை) ஒரு கிட் ரீபோவா வச்சுக்கும், ஆப்ட்-ல (சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ற கமாண்ட்) ஏதாவது இன்ஸ்டால் பண்ணா முன்னாடி ஒரு கமிட் (அந்த நேரத்து நிலையோட பதிவு) பின்னாடி ஒரு கமிட் தானாவே போட்டுடும். அதனால "நேத்து வரைக்கும் மெயில் போச்சு, இன்னிக்கு போகலை"ன்னு யாராவது வந்தா வாய்ச்சண்டை போட வேண்டியதே இல்ல, லாக்கை பாத்தா எந்த ஃபைல்ல எந்த வரி எந்த பேக்கேஜ் வந்தப்ப மாறுச்சுன்னு தெரிஞ்சுடும். ரொம்ப நாள் முன்னாடி கெட்டுப்போய் இப்ப தான் கவனிச்சிருக்காங்கன்னா பைசெக்ட், 1000 கமிட் இருந்தாலும் பத்து தடவை பாதி பாதியா பாத்தா குற்றவாளி கமிட் கைல கிடைச்சுடும். ஒரு நுணுக்கம் சொல்றேன், கிட் தானா ஃபைல் யாரோடதுன்னு, முழு பெர்மிஷன் என்னன்னு ஞாபகம் வச்சுக்காது, எக்ஸிக்யூட் பண்ணலாமா கூடாதாங்கறது ஒண்ணு தான் அதுக்கு தெரியும். ஈடிசி-கீப்பர் அதை தனி ஃபைல்ல எழுதி வச்சு சமாளிக்குது. அதோட அந்த ரீபோல பாஸ்வேர்ட் ஹேஷ் (அதுல இருந்து கணக்கு போட்டு எடுத்த அடையாளக் குறி) இருக்கற ஷேடோ ஃபைலும் உள்ள இருக்கும், வெளில எங்கயும் புஷ் பண்ணிடாதீங்க.

அதே ஜோயி ஹெஸ் 2010-ல ஆரம்பிச்சது கிட்-அனெக்ஸ். உங்க தங்கச்சிக்கு இது கண்டிப்பா வேணும்னு நினைக்கறேன், ஏன்னா ஆராய்ச்சின்னா ஸ்கேன் இமேஜ் ஜிபி கணக்குல சேரும், அதை நேரா கிட்ல போட்டா ரீபோ மூச்சு முட்டி செத்துடும். அனெக்ஸ் பெரிய ஃபைலை கிட்டுக்குள்ள வைக்காது, அதோட ஹேஷையும் அது எங்கெங்க இருக்குங்கற தகவலையும் மட்டும் வச்சுக்கும். "வேரிஸ்"னு கேட்டா இந்த ஸ்கேன் ஒரு காப்பி வீட்டு ஹார்ட் டிஸ்க்ல, ஒரு காப்பி யூனிவர்சிட்டி மெஷின்லன்னு சொல்லும். குறைஞ்சது ரெண்டு காப்பி இருக்கணும்னு செட் பண்ணிட்டா, ரெண்டாவது காப்பி எங்கயோ இருக்குன்னு உறுதியாகாம டிராப் பண்ண விடாது. மூளை ஸ்கேன் ஆராய்ச்சி பண்றவங்க பயன்படுத்தற டேட்டாலேட் இதும்மேல கட்டுனது தான்.

பாஸ்வேர்ட் வைக்கறதுக்கு பாஸ்-னு ஒரு சின்ன புரோகிராம், வயர்கார்ட்ங்கற விபிஎன் எழுதுன ஜேசன் டோனன்ஃபெல்டோடது. ஒவ்வொரு பாஸ்வேர்டும் ஜிபிஜி-ங்கற என்கிரிப்ஷன் புரோகிராம்ல பூட்டுன ஒரு ஃபைல், மொத்தமும் கிட் ரீபோ. உள்ளடக்கம் தான் பூட்டி இருக்கும், ஃபைல் பேர் தெறந்தே கிடக்கும், எந்தெந்த பேங்க்ல கணக்கு வச்சிருக்கீங்கன்னு பேரைப் பாத்தே தெரியும், அதை மனசுல வச்சு பேர் வைங்க.

எங்க ஒத்து வராதுன்னு கேட்டீங்கல்ல, மறக்க வேண்டிய எதுக்கும் ஒத்து வராது. ஒரு தடவை உள்ள போனது ஹிஸ்டரில இருக்கும், எடுக்கணும்னா ஹிஸ்டரியையே திருப்பி எழுதணும், அந்த எடத்துல இருந்து எல்லா ஹேஷும் மாறும், ஏற்கனவே காப்பி எடுத்தவங்ககிட்ட பழசு அப்படியே இருக்கும். அடுத்தவங்க போன் நம்பர், மெடிக்கல் ரிப்போர்ட் இதெல்லாம் தயவுசெஞ்சு போடாதீங்க.


சட்டக்கல்லூரி_ரோடு

குமரன் சார், நான் வக்கீல், கோட் ரொம்ப தெரியாது, ஆனா கிட் கத்துக்கிட்டது அரசியலமைப்பு சட்டத்தைப் படிக்கறதுக்காகத் தான். இந்த திரெட்ல இதை சொல்லியே ஆகணும்.

நம்ம திருத்தச் சட்டம் எதையாவது எடுத்துப் பாருங்க. "இந்த சொற்களுக்குப் பதிலாக இந்த சொற்கள்", "இந்த உட்பிரிவுக்குப் பின் இது சேர்க்கப்படும்", "இது நீக்கப்படும்", இப்படித் தான் முழுசும் இருக்கும். அதை தனியா படிச்சா ஒண்ணும் புரியாது, ஏன்னா அது ஒரு பேட்ச் ஃபைல், மாற்றம் மட்டும் தான் அதுல இருக்கும். பழைய சட்டத்து மேல ஓட்டிப் பாத்தா தான் என்ன நடந்துச்சுன்னே தெரியும். 42-ஆவது திருத்தத்தை ஒரு கமிட்டா போட்டு முகவுரையை மட்டும் டிஃப் எடுத்தேன். சோஷலிஸ்ட், செக்யூலர்னு ரெண்டு சொல் உள்ள வந்திருக்கு, தேசத்தோட ஒற்றுமைன்னு இருந்த எடத்துல ஒருமைப்பாடும் சேந்திருக்கு. அவ்வளவு தான், மீதி ஒரு எழுத்து மாறலை. மேடைல மணிக்கணக்கா பேசற விஷயம், ஸ்கிரீன்ல ரெண்டே எடத்துல பச்சையா தெரியுது. அதைப் பாத்துட்டு அந்த திருத்தத்தோட மத்த பிரிவுகளைப் பாத்தா தான் அது எவ்வளவு பெருசுன்னு உறைக்கும், பக்கம் பக்கமா போகுது.

கிட்ல ஒரு கமிட்டுக்கு ரெண்டு தேதி உண்டு, மாற்றத்தை எழுதுன ஆதர் தேதி ஒண்ணு, அதை ரீபோல சேத்த கமிட்டர் தேதி ஒண்ணு. புரோகிராமர்ஸ் பெரும்பாலும் இதை கவனிக்கறதே இல்லன்னு நண்பர் ஒருத்தர் சொன்னார், எங்களுக்கு இது உயிர். 42-ஆவது திருத்தத்துக்கு ஜனாதிபதி ஒப்புதல் 1976 டிசம்பர் 18, முகவுரை மாற்றம் அமலுக்கு வந்தது 1977 ஜனவரி 3. ஒப்புதல் தேதியை ஆதர்லயும் அமல் தேதியை கமிட்டர்லயும் போட்டேன், கச்சிதமா உக்காந்துச்சு.

இன்னும் சொல்றேன் கேளுங்க. 42-ல வந்தது நிறைய 43-லயும் 44-லயும் திரும்பிப் போச்சு, அது ரிவர்ட், பழைய கமிட்டைத் திருப்பறது. ஆனா 44-ஆவது திருத்தத்துல 3-ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, தடுப்புக் காவல் பத்தின 22-ஆவது உறுப்பை மாத்தறது. 1978-ல நிறைவேறுச்சு, அமலுக்குக் கொண்டு வர்ற அறிவிப்பு இன்னும் வரலை. நாடாளுமன்றம் பாஸ் பண்ண ஒரு விஷயம் அரை நூற்றாண்டு பக்கமா மெர்ஜ் ஆகாத (மெயின்ல சேராத) பிரான்ச்சா நிக்குது. சட்டப் புஸ்தகத்துல இது அடிக்குறிப்புல பொடி எழுத்துல இருக்கும், மாணவர்கள் கண்ணு அதுல நிக்கவே நிக்காது. என் ரீபோல பிரான்ச் லிஸ்ட்டைத் தெறந்தாலே அது தான் முதல்ல கண்ணுல படும். ஜூனியர்ஸுக்கு இதைக் காட்டித் தான் சொல்லிக் கொடுக்கறேன்.

வெளிநாட்டுல இதை பெருசாவே பண்ணியிருக்காங்க. ஜெர்மனில மத்திய சட்டங்கள் மொத்தத்தையும் 2012-ல ஆர்வலர்கள் கிட்ஹப்ல ஏத்துனாங்க, பண்டஸ்கிட்னு பேர். அது தனியார் முயற்சி. அமெரிக்காவுல வாஷிங்டன் டிசி கவுன்சில் இன்னும் ஒரு படி மேல, அவங்க சட்டத் தொகுப்போட அதிகாரப்பூர்வ பதிப்பே கிட்ஹப்ல தான் இருக்கு. 2018-ல ஒரு குடிமகன் அதுல ஒரு சின்ன எழுத்துப்பிழையைப் பாத்து புல் ரிக்வெஸ்ட் (இந்த மாற்றத்தை சேத்துக்கோங்கன்னு வேண்டுகோள்) அனுப்ப, கவுன்சில் வக்கீல்கள் பாத்து சேத்துக்கிட்டாங்க. சட்டத்தோட பொருளை அப்படி மாத்த முடியாது, அது ஓட்டெடுப்புல தான் மாறும், தொகுக்கறப்ப வந்த பிழையை தான் இப்படி திருத்தலாம். இருந்தாலும் சட்டம் மக்களோடதுங்கறதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்கு தெரியலை, நம்ம ஊர்லயும் ஒரு நாள் வரணும்.


சந்தை_விலை

வக்கீல் சார் பதிவு அருமை, 22-ஆவது உறுப்பு விஷயம் இப்ப தான் தெரிஞ்சுக்கறேன்.

நான் பண்றது கிட் ஸ்கிரேப்பிங். அந்த பேர்ல இதை பிரபலப்படுத்துனது சைமன் வில்லிசன், 2020 அக்டோபர்ல எழுதுனார். அதுக்கு முந்தின வருஷம் கலிஃபோர்னியாவுல காட்டுத்தீ பயத்துல கரண்டை நிறுத்துனாங்க இல்லையா, அப்ப மின்வாரிய கம்பெனி வெப்சைட்ல எந்தெந்த ஏரியால கரண்ட் இல்லன்னு இப்போதைய நிலவரம் மட்டும் காட்டுச்சு, பழசு அழிஞ்சுடும். அவர் அந்த டேட்டாவை கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை இழுத்து கிட்ல கமிட் பண்ணிக்கிட்டே இருந்தார், மாறலைன்னா கமிட் இல்ல, மாறுனா ஒரு கமிட். கடைசில லாக்கே முழு வரலாறா ஆயிடுச்சு.

நான் எங்க மாவட்ட உழவர் சந்தை காய்கறி விலைக்கு அதைத் தான் பண்றேன். பிளேம் போட்டா ஒவ்வொரு காய் விலையும் கடைசியா என்னிக்கு மாறுச்சுன்னு அந்த வரி பக்கத்துலயே தேதி நிக்கும். தேங்காய் வரி மாறவே மாறாம கிடக்கும், தக்காளி வரி தினமும் மாறும். செலவு பைசா கிடையாது, கிட்ஹப் ஆக்ஷன்ஸ் (நேரம் வச்சு புரோகிராமை ஓட்டற வசதி) ஓட்டிக்குது. டைமிங் மட்டும் யூடிசி-ல (உலகப் பொது நேரம்) போடணும், நம்ம காலைல 8 மணின்னா அங்க 2:30. பப்ளிக் ரீபோல 60 நாள் ஒரு அசைவும் இல்லன்னா அந்த ஷெட்யூலை அவங்களே நிறுத்திடுவாங்க, அதையும் கவனிங்க.

நம்ம நாட்டுல இதுக்கு பெரிய சாட்சி கோவிட்19இந்தியா தளம். 2020 மார்ச்ல தன்னார்வலர்கள் ஆரம்பிச்சாங்க, மாநில அரசுகள் விட்ட புல்லட்டின் எல்லாத்தையும் ஒரே எடத்துல சேத்து, கோடும் டேட்டாவும் கிட்ஹப்ல எல்லாருக்கும் தெறந்து வச்சாங்க. 2021 அக்டோபர் 31-ஓட அப்டேட் பண்றதை நிறுத்திட்டாங்க, ஆனா அந்த டேட்டாவை வச்சு இன்னிக்கும் ஆராய்ச்சி பண்ணலாம். அந்த பசங்களுக்கு நாம ரொம்ப கடன்பட்டிருக்கோம்.


ஏட்டுச்சுவடி

குமரன் தம்பி, நான் சுவடிப் பதிப்பு வேலைல இருக்கறவன். உங்க தங்கச்சி பண்றது நல்ல காரியம். ஆனா உரையாசிரியருக்கு ஒரு பிரான்ச்சுங்கற யோசனை வேண்டாம், ஏன்னு சொல்றேன்.

கிட்ல பொதுவா ஒரு கமிட் போட்டா அதுக்கு தாய் (முந்தின கமிட்) எதுன்னு சொல்லணும். பரிமேலழகர் பிரான்ச்சை மணக்குடவர்ல இருந்து பிரிச்சா, பரிமேலழகர் வச்சிருந்த மூலம் மணக்குடவர் வச்சிருந்த மூலத்துல இருந்து வந்துச்சுன்னு நீங்க சொன்னதா ஆகும். காலத்தால மணக்குடவர் முந்தினவர், அது சரி. அதுக்காக இவர் கைல இருந்த ஏடு அவர் ஏட்டுக்கு பிள்ளைன்னு ஆகுமா? எந்த ஏடு எதைப் பாத்து எழுதுனதுங்கறது தான் எங்க துறைல ஆராய்ச்சியோட முடிவா வரணும். கருவி அதை முதல் நாளே கேக்குது. போதாததுக்கு ஏடு எழுதறவர் ரெண்டு பிரதியை பக்கத்துல வச்சுக்கிட்டு இதுல ஒரு சொல் அதுல ஒரு சொல்னு எடுத்து எழுதறதும் சகஜம், அதை கிட்ல மெர்ஜ்னு காட்ட முடியும், ஆனா மறுபடியும் எந்த ரெண்டு பிரதின்னு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும்.

அதனால நூலோட பழைய வரலாற்றை கிட் வரலாறா ஆக்க வேண்டாம். பதிப்பிக்கிறவங்க எடுக்கற முடிவுகளோட வரலாறு தான் கிட் வரலாறு. இந்த ஒரு வித்தியாசம் மனசுல பதிஞ்சுட்டா மீதி எல்லாம் தன்னால ஒழுங்காயிடும்.

நான் செய்யற முறையை சொல்றேன். பனையோலைல புள்ளி இருக்காது. எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் வித்தியாசம் இருக்காது. ரகரமும் காலும் (ா) ஒரே மாதிரி இருக்கும். சொல்லுக்கு நடுவுல இடைவெளியும் இருக்காது. நாம படிக்கறப்பவே புள்ளி வச்சு, நெடில் ஆக்கி, சந்தி பிரிச்சு தான் படிக்கறோம், அது ஒவ்வொண்ணும் ஒரு முடிவு. அச்சுப் புஸ்தகத்துல கடைசி முடிவு தான் நிக்கும், நடுவுல நடந்தது போயிடும். நான் என்ன பண்றேன்னா ஏட்டுல கண்ணுக்கு தெரியறதை அப்படியே புள்ளி இல்லாம தட்டி ஒரு கமிட். அடுத்தது புள்ளியும் நெடிலும் வச்சு ஒரு கமிட். அப்புறம் சீர் பிரிச்சு ஒரு கமிட். அதுக்கப்புறம் தான் பாடத் தெரிவு, அது ஒரு எடத்துக்கு ஒரு கமிட், காரணத்தை மெசேஜ்ல விவரமா எழுதணும். இப்ப ஒரு மாணவர் வந்து "ஐயா இந்த எடத்துல காலா படிச்சிருக்கீங்களே, ரகரமா ஏன் இருக்கக்கூடாது"ன்னு கேட்டா பிளேம் போட்டு அந்த கமிட்டை காட்டறேன். அங்க ரகரமா காலான்னு நான் முடிவெடுத்த எடம் அது, அவர் வேற முடிவெடுக்க விரும்புனா அங்க இருந்து ஒரு பிரான்ச் பிரிச்சு தன் வாதத்தை வைக்கலாம். பிரான்ச்சோட உண்மையான உபயோகம் எங்களுக்கு அங்க தான்.

உ.வே.சா. 1887-ல சீவக சிந்தாமணி, 1894-ல புறநானூறு பதிப்பிச்சப்பவே பிரதிபேதங்களை அடிக்குறிப்புல கொடுத்தார். தான் எடுக்காத பாடத்தையும் வாசகருக்கு காட்டணுங்கற நேர்மை அது. 267, 268-ஆவது புறப்பாட்டு கிடைக்கலைன்னா அந்த எண்ணை காலியாவே விட்டார், பின்னாடி பாட்டை இழுத்து எண்ணை நிரப்பலை. அந்த ஒழுக்கத்தை நாம கம்ப்யூட்டர்லயும் காப்பாத்தணும்.

குறளுக்கு வரேன். மொத்த நூலையும் ஒரே ஃபைலா வச்சா வரிசை மாற்றமும் சொல் மாற்றமும் ஒண்ணா கலந்து டிஃப் படிக்க முடியாம போயிடும். ரெண்டையும் பிரிச்சிடுங்க. குறளுக்கு ஒரு ஃபைல், 1330 ஃபைல், கிட்டுக்கு அது ஒரு சுமையே இல்ல. பரிமேலழகர் எண்ணை அடையாள எண்ணா வச்சுக்கோங்க, எல்லாரும் புழங்கற எண் அது. பாடபேதம் இருந்தா அந்த குறளோட ஃபைலுக்குள்ள உரையாசிரியர் பேர் போட்டு வரி வரியா. வரிசைக்குன்னு உரையாசிரியருக்கு ஒரு பட்டியல் ஃபைல், அதுல வெறும் எண் மட்டும். ரெண்டு பட்டியலை டிஃப் பண்ணா வரிசை மாற்றம் மட்டும் சுத்தமா நிக்கும். டிஇஐ எக்ஸ்எம்எல்-ல (நூல்களை கம்ப்யூட்டர்ல குறியிடற தரம்) பாடபேதத்துக்குன்னே குறியீடு இருக்கு, பின்னாடி அதுக்கு மாத்திக்கலாம், முதல் நாளே அதுல இறங்கினா தங்கச்சி நூலை விட்டுட்டு குறியீட்டோட மல்லுக்கட்ட வேண்டி வரும்.


தென்காசி_குமரன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஏட்டுச்சுவடி ஐயா, தாய் கமிட் விஷயம் தங்கச்சிக்கு படிச்சுக் காட்டுனேன், "இதைத் தான் கைடும் வேற வார்த்தைல சொன்னார்"னா. உங்க முறைப்படியே ஆரம்பிச்சிருக்கோம்.

ஒரு சிக்கல். ரெண்டு வெவ்வேற எடத்துல இருந்து எடுத்த மின்னூல் வச்சு முதல் சில அதிகாரம் ஒப்பிட்டுப் பாத்தோம். டிஃப்ல வரிக்கு வரி சிவப்பு பச்சையா வருது, ஆனா கண்ணால பாத்தா ரெண்டு வரியும் ஒரு எழுத்து வித்தியாசம் இல்லாம அப்படியே இருக்கு. அதோட ஃபைல் பேரை தமிழ்ல வச்சோம், ஸ்டேட்டஸ் போட்டா 340, 256-னு வெறும் நம்பரா கொட்டுது. இது என்னது?


எழுத்துரு_பித்தன்

என் ஏரியா வந்துருச்சு.

நம்பர் கொட்டறது சின்ன விஷயம். கிட் ஆஸ்கி (ஆங்கில எழுத்து, எண்) இல்லாத ஃபைல் பேரை பைட் பைட்டா எட்டடிமான எண்ல காட்டும், தமிழ் எழுத்து எல்லாமே யூடிஎஃப்-8-ல (எழுத்தை பைட்டா வைக்கற முறை) 340-ல ஆரம்பிச்சு அடுத்து 256 இல்லன்னா 257 தான் வரும், அதனால தான் உங்களுக்கு அந்த எண்களே திரும்பத் திரும்ப வருது. கான்ஃபிக்ல கோர் டாட் கோட்பாத்-னு ஒண்ணு இருக்கு, அதை ஃபால்ஸ் ஆக்குங்க, தமிழ்ல அழகா வரும்.

ரெண்டாவது தான் முக்கியம். "கொ"ங்கற எழுத்தை எடுத்துக்கோங்க. ஒகரக் குறி யூனிகோட்ல ஒரே குறியாவும் இருக்கு, ஒற்றைக் கொம்பு தனியா கால் தனியான்னு ரெண்டு குறியாவும் எழுதலாம். கொ, கோ ரெண்டுக்குமே இப்படி. யூனிகோட் தரப்படி ரெண்டும் ஒண்ணு தான், ஸ்கிரீன்ல துளி வித்தியாசம் தெரியாது, ஆனா பைட் வேற, கிட் பைட்டை தான் பாக்கும். திஸ்கி (யூனிகோடுக்கு முந்தின தமிழ் எழுத்து முறை) காலத்து மின்னூல்கள் கொம்பையும் காலையும் தனித்தனியா வச்சவை, அதுல இருந்து மாத்துன சில கன்வர்ட்டர் அப்படியே விட்டுடும். குறள்ல இந்த ஒகரம் ஓகாரம் வர்ற வரி நிறைய இருக்கு, அந்த வரியெல்லாம் இதனாலயே சிவப்பா வரும்.

இதுக்கு மருந்து என்எஃப்சி நார்மலைசேஷன். பைத்தான்ல யூனிகோட்டேட்டா மாட்யூல்ல ஒரே ஃபங்ஷன், கொம்பு கால் எல்லாத்தையும் ஒரே குறியா சேத்துடும். கையால தினமும் ஓட்ட வேண்டாம், கிட்ல கிளீன் ஃபில்டர்னு இருக்கு, ஆட்ரிப்யூட்ஸ் ஃபைல்ல சொல்லி வச்சா ஆட் பண்றப்பவே தானா ஓடி சுத்தம் பண்ணி தான் உள்ள விடும்.

ஆனா ஔகாரத்துல மட்டும் ஜாக்கிரதை. கௌரவம்னு எழுதற எடத்துல பல பேர் கொம்பு, ககரம், அப்புறம் ளகரம்னு தட்டிடுவாங்க, பாக்க ஒரே மாதிரி இருக்கும். என்எஃப்சி அதைத் தொடாது, தொடவும் கூடாது, ஏன்னா எகரத்துக்கு அப்புறம் ளகரம் வர்றது நல்ல தமிழ் தானே, தெளிவு, வெளிச்சம், கெளுத்தி. கண்ணை மூடிக்கிட்டு ரீப்ளேஸ் ஆல் போட்டா அத்தனையும் கெட்டுடும். அந்த எடங்களை தேடி எடுத்து ஒவ்வொண்ணா கண்ணால பாத்து மாத்தச் சொல்லுங்க தங்கச்சிகிட்ட. அதே மாதிரி உரைகளோட முன்னுரைல ஸ்ரீ வரும், அது ஸகரத்துல ஆரம்பிச்சும் எழுதலாம் ஶகரத்துல ஆரம்பிச்சும் எழுதலாம், ரெண்டும் ஒரே உருவம், இதையும் என்எஃப்சி ஒண்ணாக்காது. வெப்ல இருந்து காப்பி எடுத்த பக்கத்துல கண்ணுக்கே தெரியாத ஜீரோ விட்த் குறியும் ஒட்டிக்கிட்டு வரும். ஒரு ஃபைல் விண்டோஸ்ல சேவ் ஆனதுன்னா வரி முடிவும் வேற, அது ஒண்ணுக்கே மொத்த ஃபைலும் மாறுன மாதிரி காட்டும், அதையும் பாத்துடுங்க.

இந்த சுத்தம் பண்ற வேலையை தனி கமிட்டா போடுங்க, பாடத் தெரிவோட கலக்க வேண்டாம். இல்லன்னா பிளேம் போடற எடமெல்லாம் "என்எஃப்சி ஆக்கியது"ன்னு தான் வரும், அந்த கமிட்டை ஒதுக்கிட்டு காட்டுன்னு பிளேமுக்கு சொல்ல வழி இருக்கு, தனியா இருந்தா தான் ஒதுக்க முடியும்.

டிஃப் பாக்கறப்ப வேர்ட்-டிஃப் ஆப்ஷன் போடுங்க. அது இடைவெளியை வச்சு பிரிக்கும், சீர் பிரிச்சு எழுதியிருந்தா குறளோட ஏழு சீர்ல எந்த சீர் மாறுச்சோ அது மட்டும் கலர்ல வரும். எழுத்து எழுத்தா பிரிக்கச் சொல்லிடாதீங்க, கால், கொம்பு எல்லாம் புள்ளி வட்டத்தோட தனியா பிஞ்சு நிக்கும், படிக்கவே முடியாது.


பழைய_சர்வர்

ஒகரம் விஷயம் சூப்பர், இது எனக்கும் புதுசு.

குமரன், வரிசை மாற்றத்துக்கு ஒண்ணு சேத்துக்கறேன். டிஃப்ல கலர்-மூவ்டுனு ஒரு ஆப்ஷன் இருக்கு, 2017-ல கிட் 2.15-ல வந்துச்சு, ஒரு எடத்துல இருந்து எடுத்து இன்னொரு எடத்துல வச்ச வரியை சிவப்பு பச்சைக்கு பதிலா வேற கலர்ல காட்டும். ஐயா சொன்ன எண் பட்டியல்லயும் சரி, முழு குறள் வரியை வச்சுப் பாத்தாலும் சரி, பிளெயின் மோட் வைங்க. டீஃபால்ட் மோட்ல நகர்ந்த துண்டுல குறைஞ்சது 20 எழுத்தோ எண்ணோ இருக்கணும்னு கணக்கு இருக்கு, அந்த கணக்குல அது எண்றது ஆஸ்கி எழுத்தை தான், தமிழ் வரி அதுல தேறாது. சின்ன எண் மட்டும் இருக்கற வரியும் தேறாது. பிளெயின்ல அந்த தொல்லை இல்ல.


சட்டக்கல்லூரி_ரோடு

ஒரு சந்தேகம் எனக்கும். முதல் திருத்தம் 1951. அந்த தேதியை கமிட்ல போட முயற்சி பண்ணேன், கிட் ஏத்துக்க மாட்டேங்குது. 1970-க்கு அப்புறம் எல்லாம் சரியா இருக்கு. ஏட்டுச்சுவடி ஐயாவுக்கு இதை விட பெரிய பிரச்சனை இருக்குமே, பத்தாம் நூற்றாண்டு உரையை எப்படி தேதி போடறீங்க?


ஏட்டுச்சுவடி

வக்கீல் சார், கிட் தேதியை 1970 ஜனவரி 1-ல இருந்து எத்தனை செகண்ட்னு தான் எண்ணும், அதுக்கு முந்தினது அதுக்கு கிடையாது. யூனிக்ஸோட பழைய வரலாறு முழுசையும் ஒரே ரீபோவா கட்டுன டியோமிடிஸ் ஸ்பினெலிஸ் தப்பிச்சுக்கிட்டார், அவர் கதையே 1970-ல தான் தொடங்குது. நமக்கு அந்த வசதி இல்ல.

நான் தேதிக் கட்டத்துல நான் வேலை பண்ண தேதியை தான் விடறேன். மேல சொன்னேன்ல, இது என் முடிவுகளோட வரலாறு, அதனால அந்த தேதி தான் நியாயமும் கூட. ஏடு எழுதுன காலம் மெசேஜ்ல தனி வரியா போகும், எங்கிருந்து வந்த ஏடு, கடைசி ஓலைல கொல்லம் ஆண்டு ஏதாவது இருக்கா, இருந்தா ஏட்டுல உள்ள மாதிரியே, ஆங்கில ஆண்டுக்கு மாத்துனது என் கணக்குன்னு குறிப்போட. உங்களுக்கு ஆதர், கமிட்டர் ரெண்டு தேதியும் வேணுமே, அப்ப 1950-ல இருந்து 1969 வரைக்கும் உள்ள திருத்தங்களுக்கு ரெண்டு தேதியையும் மெசேஜ் கடைசில ஒரே மாதிரி அமைப்புல எழுதிட்டு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு டேக் (கமிட்டுக்கு வைக்கற பேர்ச்சீட்டு) வச்சிடுங்க, தேடறதுக்கு அது போதும். 70-க்கு அப்புறம் வந்ததுக்கும் அதே அமைப்பை எழுதிடுங்க, பாதி ஒரு மாதிரி பாதி இன்னொரு மாதிரி இருந்தா பின்னாடி வர்றவங்களுக்கு கஷ்டம்.

குமரன் தம்பி, தங்கச்சியை இல்லறவியலை மட்டும் முதல்ல முடிக்கச் சொல்லுங்க, வரிசைப் பட்டியல் ரெண்டும், பாடபேதம் இருக்கற குறள் ஃபைல்களும். ரீபோ லிங்க்கை இங்கயே போடுங்க, நான் வரி வரியா பாத்து சொல்றேன்.